பழைய யமஹா டிடி1 டிரெயில் வண்டியின் முன் ஃபோர்க்: எதைத் தேட வேண்டும், எதைச் செய்துகொள்ள வேண்டும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் ஒரு பழைய கொட்டகையிலிருந்து 1971-ஆம் ஆண்டின் யமஹா டிடி1-இ டிரெயில் வண்டியை வாங்கியிருக்கிறீர்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களிலும் துரு அரித்துக் குழி விழுந்திருக்கிறது. இடப்பக்கக் குழாய் வளைந்திருப்பதாகச் சந்தேகம். இரண்டு பக்கமும் ஆயில் கசிகிறது. வலப்பக்கப் பாட்டத்தில், அதாவது குழாய் உள்ளே ஓடும் கீழ்க்காலில், சக்கர அச்சைப் பிடிக்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. மூன்று மாதம் தேடியும் முழு ஃபோர்க் செட் கிடைக்காததால், பிற்கால வண்டி ஒன்றின் ஃபோர்க்கை அப்படியே மாட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மாட்ட வேண்டாம் என்பதே என் பதில். முழு செட்டாகத் தேடுவதையும் நிறுத்திவிடுங்கள். ஐம்பது ஆண்டு கடந்த ஃபோர்க்கை ஒரே பொருளாகப் பார்க்கும்வரை அது கிடைக்காத பொருள்தான். பிரித்து மேசையில் பரப்பிப் பார்த்தால் அது மூன்று விதமான பாகங்களாகிவிடும். சில பாகங்களை இன்று புதிதாகச் செய்துகொள்ளலாம். சிலவற்றை அளவு பார்த்து எந்தக் கடையிலும் வாங்கலாம். எஞ்சிய சிலவற்றை மட்டும் பழையதாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குழாயைச் செய்துகொள்ளலாம், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை அளவு சொல்லி வாங்கலாம், பாட்டத்தை மட்டும் யாரும் செய்து தர மாட்டார்கள். ஆகவே உங்கள் தேடல் முழுவதும் அந்த வலப்பக்கப் பாட்டத்தின் மீதே இருக்க வேண்டும். நீங்களோ இதுவரை குழாயையும் சேர்த்துத் தேடி நேரத்தை இழந்திருக்கிறீர்கள்.

இந்த வண்டிக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. டிடி1 1967-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டோக்கியோ வாகனக் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டு, 1968-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 246 சிசி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், ஏறத்தாழ 112 கிலோ எடை, முன்னால் 19 அங்குலச் சக்கரம், இத்தாலியின் செரியானி ஃபோர்க்கைப் பின்பற்றி அமைத்த நீண்ட தூரம் அமுங்கி எழும் ஓட்டமுடைய முன் ஃபோர்க் ஆகியவை சேர்ந்து, சாலையிலும் காட்டுப் பாதையிலும் ஒரே வண்டியை ஓட்டலாம் என்ற எண்ணத்தை அமெரிக்கர்களிடம் பரப்பின. அங்கே அது பெருமளவில் விற்றதால் அதன் பழைய உடல்களும் எலும்புகளும் இன்று பெரும்பாலும் அமெரிக்கக் கொட்டகைகளிலேயே கிடக்கின்றன. ஜப்பானில் தேடுவதைவிட உங்கள் மாநிலத்தைச் சுற்றித் தேடினால் பாட்டம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

தேடத் தொடங்குவதற்கு முன் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம்மூர்ப் பட்டறையில் ஃபோர்க் பைப் என்று சொல்லும் மேல் குழாயை அமெரிக்கர்கள் ஃபோர்க் டியூப் என்பார்கள். பிரிட்டனில் அதற்கு ஸ்டான்ஷன் என்று பெயர். யமஹாவின் பாகப் பட்டியலோ இன்னர் டியூப் என்கிறது. பாட்டம் என்று நாம் சொல்லும் கீழ்க்காலை ஸ்லைடர், லோயர், ஃபோர்க் லெக், அவுட்டர் டியூப் என்று நான்கு பெயர்களில் விற்கிறார்கள். ஜப்பானிய ஏலத் தளங்களில் மேல் குழாய் இன்னா சூபு என்ற பெயரில், அவர்களுடைய எழுத்தில்தான் இருக்கும். ஒரே ஒரு பெயரை வைத்துத் தேடிவிட்டு இல்லை என்று முடிவு செய்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். பொருள் அடுத்த பெயரில் அங்கேயே கிடந்திருக்கும்.

பெயரைவிட உறுதியானது பாக எண். யமஹாவின் அக்கால எண் முறை ஒருமுறை புரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்த மாதிரி. முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பாகம் எந்த வண்டிக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். டிடி1-க்கான குறியீடு 214. நடுவிலுள்ள ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். இவை எல்லா யமஹா வண்டிகளுக்கும் பொதுவானவை. 23110 என்றால் மேல் குழாய், 23126 இடப்பாட்டம், 23136 வலப்பாட்டம், 23141 ஸ்பிரிங், 23144 டஸ்ட் சீல், 23145 ஆயில் சீல். கடைசி இரண்டு இலக்கங்கள் அந்தப் பாகத்தில் பின்னர் செய்த திருத்தத்தைக் குறிக்கும். வண்ணம் பூசிய பாகமானால் அதற்குப் பிறகும் இரண்டு இலக்கங்கள் வரலாம்.

இந்த அறிவை இப்படிப் பயன்படுத்த வேண்டும். டிடி1-இ வண்டிக்குரிய பாகப் பட்டியலை எடுத்து, ஃபோர்க் பக்கத்தில் ஒவ்வொரு பாகத்தின் முதல் மூன்று இலக்கங்களையும் பாருங்கள். 214 என்று தொடங்கினால் அந்தப் பாகம் 1968-இன் முதல் டிடி1-இலிருந்தே தொடர்ந்து வருகிறது என்று பொருள். முந்தைய வண்டிகளின் பாகத்தையும், திருத்த எண்ணை ஒப்பிட்டபின், தயங்காமல் வாங்கலாம். வேறு குறியீடு இருந்தால் அந்தப் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது. அந்தக் குறியீடு எந்த வண்டிக்கு உரியது என்று பார்த்தால், உங்களுக்குப் பொருந்தக்கூடிய இன்னொரு வண்டியின் பெயரும் கிடைத்துவிடும். நெதர்லாந்தில் உள்ள சிஎம்எஸ் நிறுவனம் பழைய ஜப்பானிய வண்டிகளின் விரிபடங்களையும் பாக எண்களையும் தன் தளத்தில் வைத்திருக்கிறது. ஓர் எண்ணைக் கொடுத்து, அது வேறு எந்த வண்டிகளில் வந்தது என்று பின்னோக்கித் தேடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். 1970-இல் வந்த 360 சிசி ஆர்டி1 வண்டி டிடி1-இன் நெருங்கிய உறவு என்பதால், அதன் பட்டியலையும் அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். 125, 175 வகைகளின் ஃபோர்க் தோற்றத்தில் அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும் குழாய் மெலிந்தது. புகைப்படத்தை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

எண் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது, உங்களிடம் இருப்பது உண்மையிலேயே டிடி1-இ ஃபோர்க்தானா என்பதையும் ஐயப்பட வேண்டும். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அக்கால யமஹாவில் எஞ்சின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். அவை ஒத்திருந்தால் வண்டி பெரிதாகக் கலைக்கப்படவில்லை என்று ஓரளவு நம்பலாம். ஆனாலும் ஃபோர்க்குக்கு எண் கிடையாது. அதனால் அளவு ஒன்றே சாட்சி.

குழாயின் வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்தால் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். சீலுக்குள் ஓடாத, தேயாத இடமாக, குழாய்களை வண்டியோடு இறுக்கிப் பிடிக்கும் மேல் பிடிப்புக்கும் கீழ்ப் பிடிப்புக்கும் நடுவில் அளந்துகொள்ளுங்கள். பிறகு சீல் ஓடும் பகுதியில் மூன்று நான்கு இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்காக இருமுறை அளந்து எழுதி வையுங்கள். குழாய்கள் பெயரளவைவிட நூலிழை குறைவாகவே தேய்த்து முடிக்கப்படுவதால், முழு எண்ணுக்குச் சற்றுக் கீழே வருவது இயல்பு. குழாயின் மொத்த நீளம், மேல் மரையின் விட்டமும் இடைவெளியும், கீழ் முனையின் மரையோ வளையப் பள்ளமோ எதுவானாலும் அதன் இடம், ஆயில் துளைகளின் விட்டம், அவை கீழ் முனையிலிருந்து இருக்கும் தூரம் ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் படம் போட்டுக் குறியுங்கள். ஆயில் துளையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஃபோர்க் எவ்வளவு வேகமாக அமுங்கி எழுகிறது என்பதை முடிவு செய்பவற்றுள் அதுவும் ஒன்று; 2 மி.மீ. தள்ளித் துளையிட்டாலும் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் வண்டியின் நடத்தை மாறிவிடும்.

இதற்கெல்லாம் ஃபோர்க்கைப் பிரிக்க வேண்டும். அக்காலத்து ஃபோர்க்குகளில் இரண்டு அமைப்புகள் உண்டு. சிலவற்றில் பாட்டத்தின் மேல் முனையில் குரோம் பூசிய நட்டு ஒன்று மரையில் ஏறியிருக்கும். ஆயில் சீல் அதற்குள் இருக்கும். வேறு சிலவற்றில் சீலைக் கம்பி வளையம் பிடித்திருக்கும். பாட்டத்தின் அடியில், உள்ளே ஆழமாக, ஃபோர்க்கின் துள்ளலை அடக்கும் தண்டான டேம்பரைப் பிடிக்கும் ஆலன் போல்ட் ஒன்று இருக்கும். அடியில் விளக்கடித்துப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். நட்டு வகையானால் பைப் ரெஞ்சை அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள். பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை நட்டின் மீது சுற்றி, பட்டை ரெஞ்சால் திருப்ப வேண்டும். அதற்கு முதல் நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்க வேண்டும். ஆலன் போல்ட் வகையானால், ஸ்பிரிங்கை எடுப்பதற்கு முன்பே, ஃபோர்க்கை அமுக்கிப் பிடித்தபடி அந்தப் போல்ட்டைத் தளர்த்திவிடுங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம் உள்ளேயுள்ள தண்டைச் சுழலாமல் பிடித்திருக்கும். ஸ்பிரிங்கை எடுத்த பிறகு முயன்றால் தண்டும் போல்ட்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். வடிகால் திருகுகள் ஜப்பானியத் தர அளவில் அமைந்தவை என்பதால் சாதாரணப் பிலிப்ஸ் திருப்புளி நழுவித் தலையைச் சிதைத்துவிடும். ஜப்பானியத் தரத் திருப்புளி ஒன்றை வாங்குங்கள், இந்த வண்டியை வைத்திருக்கும்வரை பயன்படும்.

இனி வளைவு. இடக்குழாயைக் கழற்றித் துடைத்து, மேசையில் தடித்த கண்ணாடித் தகட்டின் மீது வைத்து, அந்தப் பக்கம் ஒரு விளக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடி மட்டத்துக்குக் குனிந்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். நேரான குழாயின் அடியில் ஒளி எங்கும் ஒரே கோடாக நிற்கும். வளைந்த குழாயில் அந்தக் கோடு ஒரு முனையில் திறந்து, அரைச் சுற்றில் மூடி, மறுபடி திறக்கும்; குழாயும் ஒரே வேகத்தில் உருளாமல் ஓர் இடத்தில் தயங்கி, பிறகு தானாக விழுந்து உருளும். வளைவு இருக்கிறதா இல்லையா என்பதை இது ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். எவ்வளவு என்பதற்கு, குழாயைத் தாங்க இரண்டு வி-பிளாக்குகளும், நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜும் வேண்டும். ஒரு முழுச் சுற்றில் டயல் காட்டும் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதிதான் உண்மையான வளைவு. முழு அளவையே வளைவு என்று நினைத்து நல்ல குழாயை எறிந்தவர்களும் உண்டு. பல தயாரிப்பாளர்களின் பணிக் கையேடுகள் 0.2 மி.மீ. என்பதை எல்லையாக வைக்கின்றன.

விபத்தில் குழாய் பெரும்பாலும் கீழ்ப் பிடிப்புக்குச் சற்றுக் கீழேதான் வளையும். வளைவு நீளமாக, சீராக, சிறிதாக இருந்தால் பிரஸ்ஸில் வைத்து பெண்டு எடுத்துவிடலாம். அனுபவமுள்ள கை அதைச் செவ்வனே செய்யும். ஆனால் குரோமில் குறுக்குச் சுருக்கங்களோ வெடிப்புகளோ தெரிந்தாலும், ஒரே இடத்தில் மடங்கியது போல இருந்தாலும் அந்தக் குழாயை விட்டுவிட வேண்டும். நெருப்புக் காட்டி நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஓட்டுபவரின் உயிரைத் தாங்கும் இரும்பு அது.

குழாய் வளைந்த வண்டியில், கீழ்ப் பிடிப்பும் அதன் நடுத் தண்டும் சேர்ந்த டி-ஸ்டெம் வளையாமல் இருப்பது அரிது. இரண்டு நேரான குழாய்களைக் கீழ்ப் பிடிப்பில் மட்டும் பொருத்தி, அவற்றின் குறுக்கே அதே கண்ணாடித் தகட்டை வைத்துப் பாருங்கள். நான்கு முனைகளிலும் கண்ணாடி ஆடாமல் அமர வேண்டும். ஆடினால் குழாய்கள் ஒன்றுக்கொன்று திருகி நிற்கின்றன என்று பொருள். புதிய குழாய்களை வளைந்த டி-ஸ்டெம்மில் மாட்டிவிட்டு, ஃபோர்க் சிக்குகிறதே, சீல் ஒரே பக்கமாகத் தேய்கிறதே என்று மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் செய்யத் தவறிய சோதனை இது.

துருக்குழிகள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தே முடிவு. சீலின் உதடு ஓடும் பகுதியில் இருக்கும் குழிதான் ஆயிலைக் கசியவிடும். அதற்கு மேலே, பிடிப்புகளுக்கு நடுவில் இருக்கும் துரு அழகைக் கெடுக்கும், வேலையைக் கெடுக்காது. ரப்பர் உறை போட்டிருந்த ஃபோர்க்குகளில் ஈரம் உள்ளேயே தங்கிவிடுவதால், வெளியில் பளபளக்கும் வண்டியிலும் உறைக்கு உள்ளே அரித்திருக்கும். ஊசி முனையளவுக் குழிகள் ஒன்றிரண்டுதான் என்றால், துருவை முற்றிலும் சுரண்டி எடுத்து, எப்பாக்ஸி பசையால் நிரப்பி, நன்றாக இறுகியபின் 1000-க்கு மேற்பட்ட எண்ணுள்ள உப்புத்தாளை நனைத்துக் குழாயைச் சுற்றிய திசையில் தேய்த்துச் சமப்படுத்தினால், மெதுவாக ஓட்டும் வண்டிக்குச் சில ஆண்டுகள் தாங்கும். விரல் நகத்தால் வருடினால் தடுக்கும் குழிகள் கூட்டமாக இருந்தால் இந்த வேலை வீண்.

அப்போது இரண்டு வழிகள். பழைய குழாய் நேராக இருந்தால், பழைய குரோமை நீக்கி, குழாயை அளவுக்குக் கீழே தேய்த்து, ஹார்டு குரோமைத் தடிப்பாக ஏற்றி, மறுபடி முதல் அளவுக்கே தேய்த்து முடிக்கலாம். இங்கே ஒரு தவறை நானே செய்திருப்பதால் விரிவாகச் சொல்கிறேன். என் முதல் டிடி1-இன் குழாய்களை, பம்பர்களுக்கும் கைப்பிடிகளுக்கும் குரோம் பூசும் ஒரு கடையில் கொடுத்தேன். ஃபோர்க் குழாய் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர்களும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது முகம் பார்க்கலாம் போல இருந்தன. புதிய சீல்களைப் போட்டு ஓட்டிய மூன்றாவது நாளே இரண்டு பக்கமும் ஆயில் ஒழுகியது. பிரித்து மைக்ரோமீட்டரை வைத்தால், கீழ்ப்பகுதியில் விட்டம் 0.08 மி.மீ. கூடியிருந்தது, நடுவில் சரியாக இருந்தது, ஒரு பக்கத்தில் நிக்கல் மேடு தட்டியிருந்தது. சீலின் உதடு ஒவ்வொரு அமுக்கத்திலும் அந்த மேட்டில் ஏறி இறங்கிக் கிழிந்திருந்தது. அலங்காரக் குரோம் என்பது நிக்கலின் மேல் போர்த்தும் மிக மெல்லிய தோல். பூசிய பிறகு யாரும் அதை அளவுக்குத் தேய்ப்பதில்லை. ஹார்டு குரோம் எஃகின் மீதே தடிப்பாக ஏறி, கிரைண்டிங் எந்திரத்தில் அளவுக்கு வருவது. ஹைட்ராலிக் தண்டுகளுக்கு வேலை செய்யும் பட்டறையில்தான் இதைக் கொடுக்க வேண்டும். பூச்சுக்குப் பின் உருளை கிரைண்டிங் உங்களிடமே உண்டா, விட்டத்துக்கு எவ்வளவு கூடுதல் குறைவு தருவீர்கள், பூசிய பிறகு எஃகில் புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற அடுப்பில் சூடாக்குவீர்களா என்ற மூன்று கேள்விகளுக்கும் உடனே பதில் சொல்லும் இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் மாநிலத்தில் இது காலத்தோடு செய்ய வேண்டிய வேலையும்கூட. ஹார்டு குரோம் ஏற்றப் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்குவது என்பதால், கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் 2023-இல் அதைப் படிப்படியாக நிறுத்தும் விதியைக் கொண்டுவந்தது. தேய்மானம் தாங்குவதற்கான பூச்சுக்கு அங்கே 2039 வரைதான் அவகாசம். பட்டறைத் தொழிலாளரின் நுரையீரலை நினைத்தால் அந்த விதி நியாயமானதே. பட்டறைகள் குறைந்துகொண்டே போகும் என்பதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழி புதிய குழாய். உங்கள் இடக்குழாய் வளைந்திருப்பதால் நான் இதையே பரிந்துரைக்கிறேன். இரண்டையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள், ஒரு பக்கம் பழையது ஒரு பக்கம் புதியது என்று வேண்டாம். இத்தாலியில் டிஎன்கே, தரோஸி போன்ற நிறுவனங்கள் பழைய வண்டிகளுக்கான ஃபோர்க் குழாய்களைத் தயாரிக்கின்றன. உங்கள் வண்டியின் பெயரில் அவர்களுடைய பட்டியலில் குழாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், மாதிரியைப் பார்த்துச் செய்து தரும் குழாய்ப் பட்டறைகளிடம் போகலாம். நீங்கள் போட்டு வைத்த அளவுப் படம் அப்போதுதான் தன் வேலையைச் செய்யும். படத்தோடு பழைய குழாய்களில் நல்லதொன்றையும் அனுப்ப வேண்டும். மரையின் இடைவெளியை மட்டும் நீங்களே மரைமானியால் பார்த்து உறுதி செய்துவிடுங்கள்.

இனி அளவு பார்த்து வாங்கும் பாகங்கள். ஆயில் சீலின் முகத்தில் மூன்று எண்கள் பொறித்திருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், உயரம். இந்த மூன்றும் பொருந்தினால் அது எந்த வண்டியின் பெயரில் விற்கப்படுகிறது என்பது பொருட்டல்ல. ஜப்பானின் என்ஓகே நிறுவனத்தின் சீல்களை நான் விரும்பி வாங்குகிறேன். இங்கே ஓர் எச்சரிக்கை. யமஹா உறையில், தூசி படிந்த பழைய சீட்டோடு, 1970-களின் அசல் சீல் என்று விற்பனைக்கு வரும்போது நம் மனம் துள்ளும். வாங்காதீர்கள். ரப்பர் பிரிக்காத உறைக்குள் இருந்தாலும் முதுமை அடைகிறது. உதட்டை விரலால் மடக்கினால் நுண்ணிய வெடிப்புகள் விரியும். உலோகத்தில் பழைய அசலைத் தேடுங்கள், ரப்பரில் இன்றைய புதியதை வாங்குங்கள். ஓ-ரிங்குகள், டஸ்ட் சீல், செம்பு வாஷர்கள் அனைத்துக்கும் இதே விதி.

ஸ்பிரிங்கை அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. இரண்டின் நீளத்தையும் அளந்து, கையேட்டிலுள்ள எல்லையோடு ஒப்பிட்டு, ஒன்றுக்கொன்று சமமா என்றும் பாருங்கள். சற்றுத் தளர்ந்திருந்தால் மேலே ஓர் அலுமினியத் துண்டு வைத்துச் சரிக்கட்டலாம். புதிதாகச் சுற்றித் தரச் சொல்வதானால் கம்பியின் தடிமனில் கவனம் வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குப்படி ஏறுகிறது. 4 மி.மீ. கம்பிக்குப் பதில் 4.2 மி.மீ. போட்டால், மற்ற அளவுகள் அப்படியே இருக்க, விறைப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு கூடிவிடும். கைக்கு அருகில் இருந்த கம்பியில் சுற்றினோம் என்று சொல்லும் பட்டறையால் வண்டியின் முன்பக்கம் மரக்கட்டை போல ஆகிவிடும்.

இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டிய வலப்பாட்டத்துக்கு வருகிறேன். முதலில் அந்தக் கோடு கீறலா வெடிப்பா என்று அறிய வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து உலர்த்தி, வெல்டிங் கடைகளில் கிடைக்கும் சாயச் சோதனைக் குப்பிகளை வாங்கி, சிவப்புச் சாயத்தை அடித்துப் பொறுத்திருந்து துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியை அடியுங்கள். கீறலானால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். வெடிப்பானால், உள்ளே புகுந்த சாயம் மயிரிழைச் சிவப்புக் கோடாக மெல்ல மேலே ஊறி வரும். அச்சைப் பிடிக்கும் இடத்தில் அந்தச் சிவப்புக் கோடு வந்துவிட்டால் அந்தப் பாட்டம் முடிந்தது. அலுமினிய வெல்டிங் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். பழைய வார்ப்பில் ஊறிய ஆயிலும், சூட்டில் மாறும் துளையின் வட்டமும் சேர்ந்து அந்த வேலையை நம்பமுடியாததாக்குகின்றன. சக்கரத்தைப் பிடிக்கும் இடத்தில் நான் அதை ஏற்க மாட்டேன்.

பாட்டத்துக்காகப் பழைய வண்டிச் சந்தைகளுக்கு நேரில் போவதுதான் சிறந்தது. ஓஹாயோ மாநிலத்தில் லெக்சிங்டன் அருகேயுள்ள மிட்-ஓஹாயோ பந்தயத் தளத்தில் நடைபெறும் ஏஎம்ஏ (அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் சங்கம்) பழைய மோட்டார் சைக்கிள் விழாவின் பாகச் சந்தை மிகப் பெரியது. அலபாமாவின் பர்மிங்காமில் பார்பர் அருங்காட்சியகம் நடத்தும் இலையுதிர் கால விழாவிலும் இதே காலத்து வண்டிகளின் பாகங்கள் நிறைய வரும். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், சிதைந்த ஒரு முழு டிடி1-ஐ வாங்கிப் பிரிப்பதைப் பற்றி யோசியுங்கள். எஞ்சின் இறுகிப்போன வண்டியை யாரும் விரும்பாததால் மலிவாகக் கிடைக்கும். அதன் பாட்டங்கள், டி-ஸ்டெம், அச்சு, சக்கரம் எல்லாம் ஒரே குடும்பமாக வந்து சேரும். தனித்தனியாக வாங்கும் இரண்டு மூன்று பாகங்களின் விலையிலேயே இது பலமுறை முடிந்திருக்கிறது.

அஞ்சலில் வாங்குவதானால் விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டிய புகைப்படங்கள் சில உண்டு: அச்சுத் துளையின் இரு பக்கம், வடிகால் திருகின் மரை, பிரேக் தட்டு வந்து முட்டும் பகுதி, பாட்டத்தின் வாய்க்குள் விளக்கடித்து எடுத்த படம். கடைசிப் படத்தை யாரும் கேட்பதில்லை. உள்ளே குழாய் உரசி ஒரு பக்கம் மட்டும் பளபளத்து நீள்வட்டமாகியிருந்தால், வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. அச்சைப் பிடிக்கத் தனி மூடி உள்ள கால் என்றால் மூடியையும் சேர்த்தே கேளுங்கள். காலும் மூடியும் ஒன்றாக வைத்துத் துளையிடப்பட்டவை, ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சரியாக அமராது.

வேறு வண்டியின் முழு ஃபோர்க் பற்றிய உங்கள் கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். மாட்ட முடியாது என்பதல்ல. டி-ஸ்டெம் தண்டின் நீளம், பேரிங் அளவு, அச்சின் விட்டம், பிரேக் தட்டைப் பிடிக்கும் பிடிமானம், ஃபோர்க்கின் மொத்த நீளம் ஆகிய ஐந்தையும் லேத்திலும் கைவேலையிலும் சரிக்கட்டிவிடலாம். ஆறாவது ஒன்று இருக்கிறது: தண்டின் மையத்துக்கும் குழாய்களின் மையத்துக்கும் உள்ள தூரம். அது குறைந்தால் கைப்பிடி கனத்து, மெதுவாக ஓட்டும்போது சக்கரம் உள்ளே விழுவது போல இருக்கும். கூடினால் வேகத்தில் முன்பக்கம் அலைபாயும். கற்கள் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் நடை வேகத்தில் செல்லும்போது டிடி1 தரும் அந்த இலகுவான திருப்பம், அந்த அளவுகள் ஒன்றோடொன்று இசைந்திருப்பதால் வருவது. அதற்காகத்தானே இந்த வண்டியை வாங்கினீர்கள்?

பாகங்கள் வந்து சேர்ந்ததும், சீலின் உதட்டிலும் குழாயிலும் ஃபோர்க் ஆயிலைத் தடவி, குழாயின் கூரான விளிம்பின் மீது மெல்லிய பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அதன் வழியாகச் சீலை நுழையுங்கள். புதிய சீல் கிழிவது பெரும்பாலும் மாட்டும் அந்த நொடியில்தான். ஆயிலைக் கையேட்டில் உள்ள அளவுக்கு ஊற்றியபின், இரண்டு பக்கத்திலும் மட்டம் சமமா என்று குச்சி விட்டுப் பாருங்கள். ஃபோர்க் ஆயில் குப்பியில் 10 என்று போட்டிருப்பது எல்லா நிறுவனத்துக்கும் ஒரே தடிப்பு அல்ல. 40 டிகிரி வெப்பத்தில் அதன் பாகுநிலை எவ்வளவு என்று தயாரிப்பாளர் தரும் எண்ணை ஒப்பிட்டு வாங்கினால் அடுத்த முறை வேறு குப்பிக்கு மாறும்போது குழப்பம் வராது. பிடிப்புப் போல்ட்டுகளை முறுக்குவதிலும் வரிசை உண்டு: முதலில் கீழ்ப் பிடிப்பு, பிறகு மேல் பிடிப்பு, அதன்பின் அச்சின் நட்டு. அச்சைப் பிடிக்கும் போல்ட்டை மட்டும் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்து ஏழெட்டு முறை அழுத்தி எழுப்பிய பிறகு கடைசியாக முறுக்க வேண்டும். கால்கள் தமக்கேற்ற இடத்தில் தாமே அமர்ந்துகொள்ளும்.

கழற்றிய பழைய குழாய்களை எறிந்துவிடாதீர்கள். வளையாத வலக்குழாயில் வண்டியின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒரு சீட்டைக் கட்டி, அளவுப் படத்தையும் சுருட்டி அதற்குள் செருகி, ஆயில் தடவிய துணியில் சுற்றி வையுங்கள். அடுத்து டிடி1-க்குக் குழாய் செய்ய வேண்டியிருப்பவர் உங்களிடம் வந்து கேட்கும்போது, பட்டறைக்கு அனுப்ப ஒரு மாதிரி அவருக்குக் கிடைக்கும்.